கோழிக்கடை விற்பனையை அளப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துப் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் ஆறு கிளை உள்ள பொரித்த கோழிக்கடைக்கு நான்தான் கணக்குப் பார்க்கிறேன். மொத்த விற்பனை ஏறியதை மட்டும் நம்பாதீர்கள். புதுக் கிளை திறந்தாலே அது ஏறும். ஓராண்டு தாண்டிய கிளைகளை மட்டும் எடுத்து, போன வருஷத்து இதே காலத்தோடு ஒப்பிடுங்கள்.

பிறகு விற்பனையைப் பில் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 400 பில்லுக்கு 36,000 ரேண்ட் என்றால் பில்லுக்கு 90. அடுத்த வருஷம் 360 பில்லிலேயே அதே 36,000 வந்தால் பில்லுக்கு 100. விலையேற்றம் ஆள் குறைந்ததை மறைத்துவிட்டது! நான் முதலில் தேடுவது இதைத்தான்.

நாட்காட்டி கையில் இருக்கட்டும். ஈஸ்டர் மார்ச்சிலும் வரும், ஏப்ரலிலும் வரும். புரட்டாசியில் நம் வீடுகளில் கவிச்சி கிடையாது. முதல் வருஷம் இதை யோசிக்காமல், அக்டோபர் விற்பனை சரிந்ததற்கு ஒரு மேலாளரைக் குறை சொல்லிவிட்டேன். இன்னும் மனசு உறுத்துகிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கல்லா பக்கத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். போன வாரம் ஓர் அம்மா எட்டுத் துண்டுப் பெட்டியின் விலையைப் பார்த்தார், பர்ஸில் சில்லறையை எண்ணினார், இரண்டு துண்டும் சிப்ஸும் வாங்கிப் போனார். பில்லில் இது தெரியாது. வரிசையைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர்களையும் ஒரு தாளில் கோடு போட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.