உண்ணி கடிச்சா பண்ணவே கூடாத சில விஷயங்கள்

உண்ணி கடிச்சிருக்குன்னு சொன்னா போதும், ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க, வாசலின் தடவு, நெயில் பாலிஷ் பூசு, தீக்குச்சிய சூடா வை, தானா விழுந்துடும்னு. விழாதுங்க. 1985லயே க்ளென் நீதம்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் வாசலின், நெயில் பாலிஷ், ஆல்கஹால், சூடான தீக்குச்சி எல்லாத்தையும் ஒண்ணொண்ணா உண்ணி மேல போட்டுப் பாத்துட்டார், எதுக்குமே அது பிடிய விடல.

ஏன்னா அதோட வாய்ல பின்பக்கம் பாத்த சின்னச் சின்ன முள்ளு இருக்கு, பல வகை உண்ணி அது போதாதுன்னு ஒரு பசையையும் சுரந்து தோலோட ஒட்டிக்கும். மூச்சு முட்ட வைக்கலாம்னா அதுவும் நடக்காது, ஒரு மணி நேரத்துல சில தடவை மூச்சு விட்டாலே அதுக்குப் போதும், அதனால நீங்க வாசலின் தடவிட்டு காத்திருக்கற நேரம் பூரா அது பாட்டுக்கு ரத்தம் குடிச்சுட்டுதான் இருக்கும். உண்ணி பரப்பற லைம்ங்கற பாக்டீரியா நோயோட கிருமி உடம்புக்குள்ள வர பெரும்பாலும் உண்ணி 24 மணி நேரத்துக்கு மேல ஒட்டியிருக்கணும், அப்போ சீக்கிரம் எடுக்கறதுதான் உங்க கைல இருக்கற ஒரே லாபம், அதைப் போய் வீணாக்கறோம். (வைரஸ்கள் இவ்ளோ நேரம் தராது, பொவாசான் வைரஸ் 15 நிமிஷத்துலயே ஏறிடும்.) தீக்குச்சி வச்சா சுடப்போறது உங்க தோல்தான்.

நுனி கூரா இருக்கற ட்வீசர் எடுங்க. வயித்தப் பிடிக்காம, தோலை ஒட்டி வாய்ப்பக்கம் பிடிச்சு, நேரா மேல, ஒரே சீரா இழுங்க. தோலும் கொஞ்சம் கூடவே எழும்பும், பயந்து விட்டுடாதீங்க, அப்படியே இழுத்துப் பிடிச்சா சில வினாடில வந்துடும். திருகாதீங்க, வெடுக்குன்னும் இழுக்காதீங்க. வாய்த்துண்டு உள்ள உடைஞ்சு நின்னா ஊசி வச்சு நோண்டறவங்கதான் அதிகம், அது தேவையே இல்ல, சோப்பு போட்டு கழுவிட்டு விட்டா தோலே தள்ளிடும். எடுத்த உண்ணிய நகத்துல வச்சு நசுக்கற பழக்கம் இருக்கே, அது ரொம்ப மோசம், கிரிமியன் காங்கோங்கற ஆபத்தான வைரஸ் காய்ச்சல் அப்படியும் பரவும். டேப்ல ஒட்டி மூடிப் போடுங்க.

இப்போ மெயின் விஷயம். கடிச்ச இடத்துல மூலிகை அரைச்சுப் பூசினேன், பத்து நாள்ல சரியாப் போச்சுன்னு சொல்றவங்க பொய் சொல்லல, நிஜமாவே சரியாகியிருக்கும். லைம் நோய்ல 3ல இருந்து 30 நாளுக்குள்ள ஒரு சிவப்புப் படை வந்து மெதுவா விரியும், பெரும்பாலும் வலிக்காது, அரிப்பும் பெருசா இருக்காது, நீங்க எதுவுமே போடலன்னாலும் கொஞ்ச வாரத்துல அதுவே மறைஞ்சுடும். பேர் வாங்கறது என்னவோ மூலிகை, ஆனா கிருமி தோலை விட்டு உள்ள போயிருக்கலாம், வாரக்கணக்குலயோ மாசக்கணக்குலயோ கழிச்சு சிலருக்கு முட்டி வீங்கும், சிலருக்கு முகம் ஒரு பக்கமா கோணும், சிலருக்கு இதயத்துடிப்பு தடுமாறும். அப்போ யாரும் அந்தக் கடிய நினைச்சுக்கூடப் பாக்க மாட்டாங்க. இதுல பெரும்பாலான உண்ணிக்கடில நோயே வராதுங்கறதையும் சேத்துக்கோங்க, அப்போ எதைப் பூசினாலும் குணமான மாதிரிதான் தெரியும், மண்ணைப் பூசினாலும்தான்.

அதுக்காக செடில இருந்து வர்றது எல்லாமே டூப்னு சொல்ல வரல. லெமன் யூகலிப்டஸ்ல இருந்து எடுத்த பிஎம்டிங்கற பொருள் உண்ணி கடிக்காம தடுக்க நிஜமாவே உதவும், டெஸ்ட் பண்ணி, அளவு பாத்து, மூணு வயசுக்குக் கீழ வேண்டாம்னு எழுதி விக்கறாங்க. அதே பேர்ல வர்ற வாசனை எண்ணெய் வேற, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

காய்ச்சல் வந்துட்டா கஷாயம் குடிச்சு ரெண்டு மூணு நாள் பாக்கலாம்ங்கறது எல்லாத்தையும் விட ஆபத்தானது. உண்ணி பரப்பற ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சல்ங்கற பாக்டீரியா நோய்ல முதல் அஞ்சு நாளுக்குள்ள டாக்ஸிசைக்ளின்ங்கற ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்கலன்னா உயிருக்கே ஆபத்து, உடம்புல புள்ளி வரட்டும்னு காத்திருந்தா அது காய்ச்சலுக்கு அப்புறம் சில நாள் கழிச்சுதான் வரும், ரத்த டெஸ்ட்டும் ஆரம்பத்துல நெகட்டிவ்னு காட்டலாம். இதே ரிக்கெட்சியாங்கற பாக்டீரியா வகையால வர்ற காய்ச்சல் பலதுல கடிச்ச இடத்துல கறுப்பா ஒரு பொருக்கு வரும், டாக்டருக்கு அதுதான் பெரிய துப்பு, அது மேலயே எதையாவது அப்பி மறைச்சுட்டு போனா அவர் என்னத்தக் கண்டுபிடிப்பாரு. வீட்ல மிச்சம் கிடக்கற ஆன்டிபயாட்டிக்க எடுத்துப் போடறதும் வேண்டாம், உண்ணி பரப்பற வைரஸ் காய்ச்சலுக்கு அது கேக்காது.

குட்டி உண்ணி கசகசா அளவுதான் இருக்கும், கடிக்கறது வலிக்காது, அதனால கடிச்சதே தெரியாமப் போறவங்க நிறைய. புல்லு, புதர் பக்கம் போயிட்டு வந்து ஒரு மாசத்துக்குள்ள காய்ச்சல்னா டாக்டர் கேக்காட்டியும் நீங்களே சொல்லிடுங்க, கடி தெரிஞ்சா தேதியோட ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, படை விரியுதான்னு ஒப்பிட்டுப் பாக்க அது போதும்.