நவீனத்துவ இலக்கியத்தின் வேர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுத்தில் புதிய வடிவங்களைத் தேடிய நவீனத்துவ இலக்கியத்தை முதல் உலகப் போர்தான் பெற்றெடுத்தது என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. ஆண்டுகளைச் சரிபார்த்தாலே இது நிற்காது. போர் தொடங்கியது 1914 கோடையில். மார்செல் புரூஸ்டின் பெருநாவலின் முதல் பாகம் 1913 நவம்பரிலேயே வெளிவந்துவிட்டது. காஃப்கா 'தீர்ப்பு' கதையை 1912 செப்டம்பரில் ஒரே இரவில் எழுதினார். எலியட்டின் 'புரூஃப்ராக்' கவிதை 1915-இல் அச்சேறியதால் அதைப் போர்க்காலக் கவிதையாக வாசிப்பவர்கள் உண்டு. அது 1911-இலேயே எழுதி முடிக்கப்பட்டது. ஆகவே ஒரு படைப்பு எழுதப்பட்ட ஆண்டு, அச்சான ஆண்டு இரண்டையும் பாருங்கள்.

போருக்கு வெகு முன்பே சிந்தனையில் அடித்தளம் ஆட்டம் கண்டிருந்தது. கடவுள் இறந்துவிட்டார் என்று ஜெர்மன் தத்துவவாதி நீட்சே எழுதியது 1882-இல். நிலையான 'நான்' என்று ஒன்றும் இல்லை, இருப்பது புலனுணர்வுகளின் தொகுப்பே என்று இயற்பியலாளரும் தத்துவவாதியுமான எர்ன்ஸ்ட் மாக் 1886-இல் வாதிட்டார். நாவலாசிரியர் ராபர்ட் மூசில் மாக்கைப் பற்றித்தான் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். சிலரை மட்டும் வாட்டிய இந்த ஐயத்தைப் போர் பொது அனுபவமாக்கியது. அதன் பங்கு பெரிது, ஆனால் தொடக்கம் அது அல்ல.

இதைவிட ஆழமான தவறு, தத்துவவாதியை ஆசிரியராகவும் நாவலாசிரியரை மாணவராகவும் வைப்பது. பிரெஞ்சுத் தத்துவவாதி பெர்க்சன் காலத்தைப் பற்றிச் சொன்னார், புரூஸ்ட் அதைக் கதையாக்கினார் என்பார்கள். பெர்க்சன் புரூஸ்டின் குடும்பத்தில் பெண் எடுத்தவர் என்பதால் இது இன்னும் வசதியாகிவிடுகிறது. ஆனால் 1913-இல் ஒரு செய்தித்தாள் பேட்டியில் புரூஸ்ட் இதை வெளிப்படையாக மறுத்தார். தானாக எழும் நினைவு வேறு, வலிந்து வரவழைக்கும் நினைவு வேறு என்பதே தம் நூலின் ஆதாரம். அந்தப் பாகுபாடு பெர்க்சனிடம் இல்லை, அவர் தத்துவத்தோடு அது முரண்படுகிறது என்றார். நாவலிலேயே இதைப் பார்க்கலாம். தேநீரில் நனைத்த கேக்கின் சுவையில் இனம்புரியாத மகிழ்ச்சி எழுந்ததும், கதைசொல்லி அதைப் பிடிக்க இன்னொரு மிடறு, மற்றொரு மிடறு குடித்துப் பார்க்கிறான். சுவையின் வலு குறைந்துகொண்டே போகிறது. மனத்தைத் திரும்பத் திரும்பக் குவித்தும் பிடிபடாத நினைவு, பிறகு திடீரென்று தானே வந்து நிற்கிறது. எந்தத் தத்துவ நூலின் விளக்கவுரையாகவும் இந்தப் பக்கங்களைச் சுருக்கிவிட முடியாது.

மனத்தில் ஓடும் எண்ணங்களை அப்படியே எழுதிக்காட்டும் நனவோடை உத்தி, உளப்பகுப்பாய்வை நிறுவிய ஃப்ராய்டிடமிருந்துதான் வந்தது என்பதும் இதே வகைப் பிழை. ஓர் இளைஞனின் மனப்பேச்சாகவே ஒரு முழு நாவலை எடுவார் துஜார்தான் 1887-இல் பாரிஸ் இதழொன்றில் எழுதிவிட்டார். இந்த உத்திக்குப் பெயர்பெற்ற நாவலாசிரியர் ஜாய்ஸ் தம் முன்னோடியாகக் காட்டியது அவரைத்தான். ஃப்ராய்டின் கனவு நூல் வெளிவந்ததோ 1899 இறுதியில். வர்ஜீனியா வுல்ஃபின் பதிப்பகம் 1924 முதல் ஃப்ராய்டை ஆங்கிலத்தில் வெளியிட்டது உண்மை. ஆனால் வுல்ஃப் அவரை ஊன்றிப் படிக்கத் தொடங்கியது 1939-இல். அவருடைய சிறந்த நாவல்கள் அதற்குள் வந்துவிட்டன.

மரபை அறுத்தெறிந்து பிறந்த இலக்கியம் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். 1922-இல் வந்த 'பாழ் நிலம்' கவிதைக்கு எலியட் தாமே எழுதிய குறிப்புகள் மானுடவியலாளர் ஃப்ரேசரின் சடங்கு ஆய்வுகளுக்கும் தாந்தேவுக்கும் கடன்பட்டிருப்பதைச் சொல்கின்றன. ஹார்வர்டில் சமஸ்கிருதம் படித்த அந்தக் கவிஞர், பிருகதாரண்யக உபநிடதத்தின் இடி பேசும் பகுதியைக் கவிதையின் கடைசிப் பகுதிக்கு அடிப்படையாக்கினார்.