பழைய வேட்டை ரைஃபிள் எந்த நாட்டில் பிறந்தது: முத்திரைகளைப் படிக்கும் முறை

குழலின் மேற்புறத்தில் கொட்டை எழுத்தில் பொறித்திருக்கும் பெயரை நம்பி முடிவுக்கு வந்துவிடக் கூடாது. கல்கத்தாவின் ஆர்.பி.ரோடா போன்ற நிறுவனங்கள், பிறர் செய்த துப்பாக்கிகளையும் தம் பெயர் பொறித்து விற்றன; ஆகவே அப்பெயர் பெரும்பாலும் விற்றவரைத்தான் காட்டும். உண்மையைச் சொல்பவை, குழல் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குமா என்று பார்க்கும் அரசு அங்கீகாரம் பெற்ற சோதனைச் சாலைகள் இட்ட சிறு முத்திரைகளே.

உரிமம் பெற்றவர் முன்னிலையில் போல்ட்டை (குழலின் பின்புறத்தை மூடும் நகரும் உருளையை) திறந்து, தோட்டா அமரும் அறையில் எதுவும் இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். மரக்கட்டையைக் கழற்றினால்தான் குழலின் அடிப்புறம் தெரியும். முக்கியமான முத்திரைகள் பலவும் அங்கேதான் ஒளிந்திருக்கும். மெல்லிய எண்ணெய் தொட்ட துணியால் அழுக்கைத் துடைத்து, டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்து, லென்ஸ் வழியே பார்க்கலாம். உப்புத்தாளைக் கொண்டு தேய்ப்பவர் துருவோடு சான்றையும் சேர்த்து அழித்துவிடுகிறார்.

மகுடத்தின் கீழே பி.வி., பி.பி., என்.பி. என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது 1904க்குப் பின் பர்மிங்ஹாமில் சோதிக்கப்பட்டது. பின்னிப் பிணைந்த ஜி.பி. எழுத்துகளின் மேல் மகுடம் இருந்தால் லண்டன். முட்டை வடிவக் கோட்டுக்குள் ஈ.எல்.ஜி. இருந்தால் பெல்ஜியத்தின் லீயேஜ். அதன் மேல் மகுடமும் இருந்தால் 1893க்குப் பிந்தியது. மகுடத்துடன் தனித்தனியாக பி, யூ, ஜி வந்தால் ஜெர்மனி. 1940 முதல் அங்கே மகுடத்தின் இடத்தைக் கழுகு பிடித்துக்கொண்டது. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட ஜெர்மன் குழல்கள் பலவற்றில் '4.27' போன்ற எண் இருக்கும். அதைத் தோட்டாவின் அளவு என்று மயங்குவோர் உண்டு, ஆனால் அது சோதித்த மாதமும் ஆண்டுமான ஏப்ரல் 1927.

இங்கிலாந்து முத்திரை இருப்பதாலேயே துப்பாக்கி அங்கே செய்யப்பட்டது என்று ஆகிவிடாது. வெளிநாட்டுத் துப்பாக்கிகளும் அங்கே சோதனைக்குச் சென்றன. 'நாட் இங்கிலீஷ் மேக்' என்ற சொற்றொடர் பொறித்திருந்தால் ஐயத்துக்கே இடமில்லை. ரிக்பி போன்ற லண்டன் நிறுவனங்கள் ஜெர்மனியின் ஓபெர்ன்டோர்ஃபிலிருந்து மவுசர் நிறுவனத்தின் இயக்கப் பகுதியை (போல்ட் அமைந்த பகுதியை) வரவழைத்துத் தம் துப்பாக்கிகளை அமைத்ததால், போல்ட் அமைந்த பகுதியையும் குழலையும் தனித்தனியாகப் படித்து, இரண்டின் வரிசை எண்களும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது அவசியம். பொருந்தாவிட்டால் குழல் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம். பழைய விற்பனைப் பேரேடுகளைப் பாதுகாத்துவரும் தயாரிப்பாளர்களுக்கு வரிசை எண்ணையும் முத்திரைகளின் நெருக்கமான படங்களையும் அனுப்பினால், அது எந்த ஆண்டு எவருக்காகச் செய்யப்பட்டது என்பதுவரை தெரிய வாய்ப்புண்டு.