லேசர் இல்லாமல் பார்வையைச் சரிசெய்யப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

லேசர் வேண்டாம் என்றோ, லேசருக்கு உங்கள் கண் ஒத்துவராது என்று டாக்டர் சொல்லியோ, ஆர்த்தோ-கே (இரவில் போடும் லென்ஸ்) அல்லது ஐ.சி.எல். (ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்) பக்கம் வருபவர்கள் நிறைய. இரண்டும் நல்ல வழிகள்தான். ஆனால் லேசர் இல்லையே, அதனால் ஆபத்தும் இல்லை என்று நம்பி இறங்குகிறார்கள் பாருங்கள், அங்கேதான் பிரச்சினையே ஆரம்பிக்கிறது.

ஆர்த்தோ-கே என்பது இரவில் போட்டுக்கொண்டு தூங்கும் கெட்டி லென்ஸ். கருவிழியின் நடுப்பகுதியை லேசாகத் தட்டையாக்கும், பகலில் கண்ணாடி இல்லாமல் தெரியும். பெரும்பாலும் மைனஸ் 6 பவர் வரைக்கும்தான். போடுவதை நிறுத்தினால் சில நாட்களிலோ வாரங்களிலோ பழைய பவர் திரும்பிவிடும், அதனால் கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இதில் மிகப் பெரிய தவறு தண்ணீர். காலையில் கழற்றிய லென்ஸை வாஷ்பேசின் குழாயில் காட்டி அலசுவது, டப்பாவையும் அதே தண்ணீரில் கழுவி ஈரத்தோடு மூடி வைப்பது. குழாய்த் தண்ணீரிலும் மொட்டை மாடித் தொட்டியிலும் அகாந்தமீபா என்ற கிருமி இருக்கலாம், அது கருவிழியில் புகுந்தால் மாதக்கணக்கில் மருந்து போட வேண்டியிருக்கும், பார்வையே போனவர்களும் உண்டு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த பிறகுதான் லென்ஸைத் தொட வேண்டும். நேற்றைய லிக்விடைக் கொட்டாமல் அதன் மேலேயே புதிதாக ஊற்றுவதும் கூடாது.

காலையில் லென்ஸ் கண்ணோடு ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காதீர்கள். டாக்டர் தந்த ஈரப்பத சொட்டு மருந்தை விட்டு, சில நிமிஷம் பொறுத்து, கீழ் இமையால் லென்ஸின் ஓரத்தை மெல்ல அழுத்தி, கண் சிமிட்டும்போது லென்ஸ் நகர்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் எடுங்கள். கண் சிவந்து வலித்தால் அன்றைக்கு லென்ஸே வேண்டாம், மருந்துக்கடையில் ஏதோ ஒரு சொட்டு மருந்து கேட்டு வாங்காமல், லென்ஸையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு அன்றே டாக்டரைப் பாருங்கள்.

ஐ.சி.எல். விஷயமே வேறு. கருவிழி ஓரத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் திறப்பு வழியாக, கண்ணின் சொந்த லென்ஸுக்கு முன்னால் இன்னொரு லென்ஸை வைக்கிறார்கள். வேண்டாமென்றால் எடுத்துவிடலாம் என்பது உண்மைதான், ஆனால் எடுப்பதும் இன்னொரு ஆபரேஷன். வைக்கும் லென்ஸின் அளவு தவறினால் கண்புரையோ கண் அழுத்தமோ வரலாம். அதனால் கண்ணின் முன்அறை (கருவிழிக்கும் சொந்த லென்ஸுக்கும் இடைப்பட்ட இடம்) ஆழம், கருவிழியின் உட்புறச் செல் எண்ணிக்கை எல்லாம் எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அளவெடுப்பதற்கு எத்தனை நாள் முன்பே கான்டாக்ட் லென்ஸை நிறுத்த வேண்டும் என்றும் கேளுங்கள், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பார்வை பளிச்சென்று வந்ததும் வருடாந்திரப் பரிசோதனையை விட்டுவிடுவது இன்னொரு தவறு. பவர் போனாலும் அதிக மைனஸ் உள்ள கண் நீளமான கண்தான், விழித்திரை கிழியும் அபாயம் அப்படியே இருக்கிறது. திடீரென்று மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலோ, கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.