காட்டுக்குள் செல்பேசி: சோதனைச் சாவடிக்கு முன்பே திருத்திக்கொள்ள வேண்டிய தவறுகள்

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை, சேத்துமடை வழியாக, காட்டுக்குள் இருக்கும் சுற்றுலா இடமான டாப்சிலிப்புக்குப் போகும் சாலையில், சேத்துமடைச் சோதனைச் சாவடியைத் தாண்டி மலையேறத் தொடங்கியதும் செல்பேசித் திரையின் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கும். முதல்முறை அந்த வழியாகப் பரம்பிக்குளம் புலிகள் காப்பகத்துக்குப் போனபோது, “போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுகிறேன்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வண்டி ஏறினேன். போய்ச் சேர்ந்த இடத்தில் என் செல்பேசிக்கு ஒரு கோடுகூடக் கிடைக்கவில்லை. நான் காட்டின் அமைதியில் நிம்மதியாகத் தூங்கிய அந்த இரவில், அம்மா விடியும்வரை உட்கார்ந்திருந்தார். அண்ணன் எனக்கு முப்பது நாற்பது முறை அழைத்துப் பார்த்திருக்கிறார். எனக்கு எந்த ஆபத்தும் நேரவில்லை. நான் சொல்லிவிட்டுப் போன அந்த ஒரு வாக்கியம்தான் அத்தனை பதற்றத்துக்கும் காரணம்.

ஆகவே முதல் தவறு, நிறைவேற்ற முடியாத வாக்குறுதியைக் கொடுத்துவிட்டுப் போவதுதான். சிக்னல் இருக்குமா என்று தெரியாத இடத்துக்குப் போகிறவர், “நாளை மாலை 5 மணிக்குச் சேத்துமடை திரும்பிவிடுவேன், அதுவரை என் செல்பேசி கிடைக்காது, இரவு 9 மணிவரை நான் அழைக்காவிட்டால் மட்டும் இந்த எண்ணுக்குப் பேசுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அந்த எண், தங்கும் விடுதியின் தரைவழித் தொலைபேசியாகவோ, வனச்சரக அலுவலகத்தின் எண்ணாகவோ இருக்கலாம். கூடவே வண்டியின் பதிவெண்ணையும் போகும் பாதையையும் எழுதிக் கொடுத்துவிட்டால், தேட வேண்டிய நிலை வந்தாலும் எங்கிருந்து தொடங்குவது என்று வீட்டாருக்குத் தெரியும். இந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டவருக்குக் காட்டுக்குள் சிக்னலைத் தேடி அலையும் அவசியமே பெரும்பாலும் வராது.

அந்த அலைச்சல்தான் உயிருக்கே உலை வைக்கும் தவறு. முதுமலையில் தெப்பக்காட்டிலிருந்து மசினகுடிக்குப் போகும் சாலையில் ஒருமுறை நேரில் பார்த்தேன். வளைவை ஒட்டிய சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஓர் இளைஞர் ஏறி நின்று, செல்பேசியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து, இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டிருந்தார். அவருடைய பார்வை முழுவதும் திரையிலேயே இருந்தது. பின்னால் உண்ணிச்செடிப் புதர் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அதற்குள் ஒரு யானை நின்றால்கூட வெளியே தெரியாது. எதிரே வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் சத்தம் போடாமல் அருகில் போய், அவருடைய தோளைத் தொட்டு, “தம்பி, வண்டியில ஏறுங்க, பத்து நிமிசம் முன்னாடி இங்கதான் ரெண்டு யானை கடந்துச்சு” என்றார். காட்டுச் சாலைகளில் வண்டியை நிறுத்துவதும் இறங்குவதும் தடை செய்யப்பட்டிருப்பதற்குக் காரணம் இதுதான். ஓரிடத்தில் சிக்னல் வந்துபோகிறது என்பதற்காக அங்கே வண்டியை நிறுத்தக் கூடாது. அடுத்த சோதனைச் சாவடியிலோ ஊருக்குள்ளோ நின்று பேசிக்கொள்ளலாம். சஃபாரி வண்டிக்குள் செல்பேசியைப் பயன்படுத்தவே கூடாது என்று விதித்திருக்கும் காப்பகங்களும் உண்டு. அங்கே அதைக் கேள்வியின்றிக் கடைப்பிடிப்பதுதான் முறை.

சிம் விஷயத்தில் நடக்கும் தவறுகள் பல. இரண்டு சிம் போடும் வசதியிருந்தும், சலுகைக்காக இரண்டையும் ஒரே நிறுவனத்தில் வாங்கி வைத்திருப்பவர்கள் நம்மில் ஏராளம். நகரத்தில் அதனால் குறையில்லை. காட்டோரத்தில் அந்த நிறுவனத்துக்கு டவர் இல்லையென்றால் இரண்டும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிடும். தனியார் நிறுவனங்கள் எட்டாத மலைக் கிராமங்களில் பி.எஸ்.என்.எல். மட்டும் கிடைப்பது அடிக்கடி நடப்பதால், இரண்டாவது சிம்மாக அதை வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் சிம்மைப் போட்டவுடன் வேலை முடிந்ததென்று எண்ணிவிடக் கூடாது. பி.எஸ்.என்.எல். 4ஜி சேவை 700 மெகாஹெர்ட்ஸ், 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் வருகிறது. பழைய செல்பேசிகள் சிலவற்றில் 700 மெகாஹெர்ட்ஸை, அதாவது பேண்ட் 28ஐ, வாங்கும் வசதி இருக்காது. உங்கள் செல்பேசியின் விவரக்குறிப்பில் அது இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி சேவை கிடையாது என்பதால், 4ஜி வழியாகவே குரல் அழைப்பைக் கொண்டுசெல்லும் வோல்ட்டி (VoLTE) அமைப்பு அணைந்திருந்தால் 4ஜி டவர் அருகிலிருந்தாலும் அழைப்பு போகாது.

அமைப்புகளில் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். எப்போதோ ஒரு காரணத்துக்காக நெட்வொர்க் தேர்வை நாமே கைமுறையாக மாற்றி வைத்துவிட்டு மறந்திருப்போம். அதைத் தானியங்கித் தேர்வுக்கே மாற்றிவிட வேண்டும். அரசு நிதியில் தொலைதூரக் கிராமங்களில் அமைக்கப்பட்ட 4ஜி டவர்களை, ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் (பெரும்பாலும் ஒரு மாநிலம் ஒரு வட்டம்) வெவ்வேறு நிறுவன வாடிக்கையாளர்களும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு 2025 ஜனவரியில் தொடங்கப்பட்டது. கைமுறைத் தேர்வில் பூட்டி வைத்திருப்பவருக்கு இந்தப் பலன் கிடைக்காமல் போகலாம். இரண்டாவது, டேட்டா ரோமிங். பரம்பிக்குளம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும் அதற்குச் சாலை தமிழ்நாட்டின் வழியாகத்தான் இருக்கிறது; முதுமலையிலிருந்து கக்கனல்லாவைத் தாண்டினால் கர்நாடகம். மாநில எல்லையில் செல்பேசி வேறு வட்டத்தின் டவருக்கு மாறும்போது, ரோமிங் அணைந்திருந்தால் சிக்னல் இருந்தும் இணையம் வராது.

சிக்னல் இல்லாத இடத்தில் செல்பேசியை அப்படியே விட்டுவிடுவது அடுத்த தவறு. டவரைத் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துபோகும். காலையில் முழுதாக ஏற்றிய சார்ஜ், ஓர் அழைப்புகூடப் பேசாமல் மாலைக்குள் கரைந்திருக்கும். சோதனைச் சாவடி தாண்டியதும் ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். அதில் போட்டால் ஜி.பி.எஸ். வேலை செய்யாது என்று பலர் நம்புகிறார்கள்; அது சரியன்று. ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் அலையை வாங்க மட்டுமே செய்வதால், இருக்கும் இடத்தை அப்போதும் காட்டும், முதல்முறை இடத்தைப் பிடிக்க மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் எடுக்கலாம். அதற்கு வரைபடம் முன்கூட்டியே இறக்கி வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

இறக்கிய வரைபடத்தை முழுதாக நம்புவதும் தவறுதான். முதுமலையை ஒட்டிய கர்நாடகத்தின் பந்திப்பூர்க் காட்டு வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. சேமித்த வரைபடம் அந்தத் தடையைக் கணக்கில் கொள்ளாமல் பாதையைக் காட்டிவிடக்கூடும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதையைத்தான் குறுக்கு வழியென்று காட்டும். வெளி மாவட்ட வாகனங்கள் அதில் இறங்க அனுமதியில்லை, கூடலூர் வழியாகத்தான் சுற்றி வர வேண்டும். இப்படிப்பட்ட விதிகளைச் சிக்னல் இருக்கும்போதே விசாரித்துத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரே ஒரு கோடு மினுக்கும் இடத்தில் வாட்ஸாப் செய்தி சுற்றிக்கொண்டே இருக்கும்போது, பழைய முறைக் குறுஞ்செய்தி (எஸ்.எம்.எஸ்.) பல நேரம் போய்ச் சேர்ந்துவிடும், ஏனென்றால் அதற்கு இணையம் தேவையில்லை. தமிழில் அனுப்புகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடங்கள் உண்டு, தமிழ் எழுத்தில் 70 இடங்கள்தான். அதிலும் புள்ளியும் கால் கொம்புகளும் தனித்தனி இடமாகக் கணக்காகும். ஆறெழுத்துச் சொல்லான “தெப்பக்காடு” பதினோரு இடங்களை எடுத்துக்கொள்ளும். எல்லையைத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் பிரியும். சிக்னல் தடுமாறும் இடத்தில் ஒரு துண்டு போய் மறுதுண்டு நின்றுவிடக்கூடும். “டாப்சிலிப் சேர்ந்தோம். நலம். நாளை மாலை 5க்கு இறங்குவோம்.” என்பது 56 இடங்களுக்குள் அடங்கிவிடுகிறது, வீட்டாருக்குத் தேவையானதும் அதற்குமேல் இல்லை.

இணையத்தை நம்பிப் பணமும் அடையாளச் சான்றும் இல்லாமல் வருகிறவர்கள் சோதனைச் சாவடியிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கும் வாகன அனுமதிச் சீட்டான இ-பாஸ், விடுதி முன்பதிவுச் சீட்டு, ஆதார் நகல் மூன்றையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சான்றுகளைச் செல்பேசியில் காட்டும் டிஜிலாக்கர் செயலியைத் திறக்க டேட்டா வேண்டும். நுழைவுக் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் ரொக்கம், அதுவும் சில்லறையாக, இருக்கட்டும்.

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் நம் மக்களிடம் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் காட்டுக்குப் போகிறவர்கள் இயல்பாக எடுத்துச் செல்லும் செயற்கைக்கோள் தொலைபேசியையும், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கார்மின் இன்ரீச் போன்ற கருவியையும் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டுவருவது சட்ட விரோதம். அறியாமல் கொண்டுவந்த பயணிகள் விமான நிலையங்களில் பிடிபட்டு வழக்கைச் சந்தித்திருக்கிறார்கள். பாதுகாப்புக்கென்று கொண்டுவந்தேன் என்ற விளக்கம் அங்கே எடுபடாது.

அப்படியானால் உண்மையான அவசரத்தில் என்ன செய்வது? உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாமல், திரையில் அவசர அழைப்பு மட்டும் என்று வந்தால், வேறொரு நிறுவனத்தின் டவர் எட்டுகிறது என்று பொருள். 112ஐ அழைத்துப் பாருங்கள். அதுவும் வரவில்லையென்றால் வனத்துறையின் வயர்லெஸ்தான் வழி. சோதனைச் சாவடிகளிலும் ரோந்துப் பணியில் இருப்பவர்களிடமும் அது இருக்கும். வழியில் எந்தெந்த இடத்தில் வனத்துறை ஆட்கள் இருப்பார்கள் என்று உள்ளே நுழையும்போதே கேட்டு வைத்துக்கொள்கிறவர்கள் மிகச் சிலரே. கேட்டால் சாவடியில் இருப்பவர்கள் பொறுமையாகவே சொல்கிறார்கள்.

திரும்பி வரும்போதும் ஒரு தவறு நடக்கிறது. சேத்துமடையில் சிக்னல் வந்ததும் செல்பேசி அடுக்கடுக்காக அதிரும். புலியையோ காட்டெருமையையோ எடுத்த படத்தை அந்த நொடியே இட விவரத்தோடு பகிர்ந்துவிடுகிறார்கள். விலங்கு எந்த இடத்தில் நடமாடுகிறது என்பது வேட்டைக்காரருக்கும் உதவும் தகவல் என்பதால், இட விவரத்தை நீக்கிவிட்டுப் பிறகு பகிரலாம். முதல் அழைப்பு, 9 மணிக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டாருக்குப் போகட்டும்.