பேஸ் கிதார் ஒலி: முதலில் பிக்கப், பிறகுதான் மரம்

பேஸின் சத்தம் திருப்தியாக இல்லை என்றதும் பேச்சு நேராக மரத்துக்குப் போய்விடுகிறது: ஆல்டரா, ஆஷா, மஹோகனியா? கேபிள் வழியாக ஆம்ப்புக்குப் போவதோ, காந்தத்துக்கு மேலே ஸ்ட்ரிங் ஆடுவதால் காயிலில் உண்டாகும் மின்சாரம். மரம் அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் மாற்றும். அதில் எந்தப் பகுதி வெளியே கேட்கும் என்பது காந்தமும் காயிலும் சேர்ந்த பிக்கப்பின் கையில். புது உடல், புது நெக் என்று இறங்கும் முன் கீழே உள்ளவற்றைச் செய்து பாருங்கள்.

பி-யா, ஜே-யா?

கடைகளில் தொங்கும் பேஸ்களில் பெரும்பாலானவை ஃபெண்டர் நிறுவனத்தின் இரண்டு மாடல்களின் வழி வந்தவை. பிரிசிஷன் (பி) 1951இல் வந்தது. இரண்டாகப் பிளந்த அதன் பிக்கப் 1957இல். ஈ, ஏ ஸ்ட்ரிங்குகளுக்கு ஒரு பாதி, டி, ஜி-க்கு மறுபாதி. இரண்டிலும் காந்தத்தின் திசையும் கம்பிச் சுற்றின் திசையும் எதிரெதிராக இருப்பதால் வெளியிலிருந்து நுழையும் ஹம் (மின்சார உறுமல்) உள்ளேயே அடிபட்டுப் போகும். 1960இல் வந்த ஜாஸ் (ஜே) பேஸில் இரண்டு சிங்கிள் காயில் பிக்கப். இரண்டு வால்யூமும் முழுசாக இருக்கும்வரை அமைதி; ஒன்றைக் குறைத்ததும் 50 ஹெர்ட்ஸ் உறுமல் தலைகாட்டும்.

ஆடி மாதம் அம்மன் கோயில் தெருவில் மேடை போட்டால் இது நன்றாகத் தெரியும். தலைக்கு மேலே சீரியல் செட், பின்னால் ஜெனரேட்டர், ஓரமாக லைட் டிம்மர். ஜே வைத்திருப்பவர், ஸ்ட்ரிங் முடியும் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பை மட்டும் திறந்திருந்தால், பாட்டுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியெல்லாம் உறுமல்தான். இரண்டையும் திறந்தே வையுங்கள். முடியாதென்றால் ஹம் அடிக்காத ஜே பிக்கப் செட் வாங்கி மாட்டுங்கள்.

பிக்கப் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது அதைவிடப் பெரிய விஷயம். பிரிட்ஜை ஒட்டிப் போகப் போக அடிநாதம் குறைந்து, கீறலான மேல்நாதங்கள் கூடும். நெக் பக்கம் வந்தால் உருண்டையாக, கனமாகக் கேட்கும். திறந்த ஈ ஸ்ட்ரிங்கின் அடிநாதம் 41 ஹெர்ட்ஸ். தெருவோரத்து மைக் செட் பெட்டிகள் அதைக் கொடுப்பதே அபூர்வம். கூட்டம் கேட்பது 82, 123 என்று மேலே அடுக்கும் நாதங்களை. கானாவில் டோலக்கும் சட்டியும் கீழ்ப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஆம்ப்பின் பேஸ் குமிழைத் திருகித் திருகி ஏற்றினால் எல்லாம் சேர்ந்து களியாகிவிடும். அங்கே பி பிக்கப்பின் நடுப்பகுதிதான் வழி விட்டு வெளியே வரும். ஜே-யில் இரண்டும் திறந்திருந்தால் ஒரே அதிர்வை இரண்டு இடத்திலிருந்து எடுப்பதால் நடுப்பகுதியில் பள்ளம் விழுகிறது: வீட்டில் தனியாக வாசிக்க அருமை, மேடையில் காணாமல் போகும். நெக் பிக்கப்பை முழுசாக வைத்து பிரிட்ஜை முக்கால் அளவுக்குக் குறைத்தால் பள்ளம் ஓரளவு நிரம்பும், கூடவே கொஞ்சம் ஹம் வரும்.

உயரம்: காசு செலவில்லாத மாற்றம்

ஸ்ட்ரிங்கைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு, ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப்பின் காந்த முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். ஈ பக்கம் 2.5 முதல் 3 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. நல்ல தொடக்கம். பிறகு திருகைக் கால் கால் சுற்றாகத் திருப்பி, நான்கு ஸ்ட்ரிங்கும் ஒரே பலத்தில் கேட்கும்வரை சரிசெய்யுங்கள். அதிகம் நெருங்கினால் காந்தம் ஸ்ட்ரிங்கை இழுக்கும். மேல் ஃபிரெட்டுகளில் சுதி அலையும், நாதம் சீக்கிரம் அணையும். ஃபிரெட் பஸ் (ஸ்ட்ரிங் ஃபிரெட்டில் உரசும் சத்தம்) என்று நினைத்து, நெக்கின் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடை முறுக்கிவிடுவது இங்கேதான் நடக்கிறது. திருகைத் தளர்த்தியும் பிக்கப் மேலே எழவில்லையா? அடியிலிருக்கும் ஸ்பாஞ்ச் நசுங்கிப் போயிருக்கும். புது ஸ்பாஞ்ச் வெட்டிப் போடுங்கள்.

வயரிங்

மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்து, கேபிளைச் சொருகி, மறுமுனைப் பிளக்கின் நுனிக்கும் அதன் உலோக உடலுக்கும் இடையே பாருங்கள். வால்யூமும் டோனும் முழுசாக இருக்க வேண்டும். பி என்றால் 10 கிலோ ஓமை ஒட்டி வரும். ஜே-யில் ஒரு வால்யூமை மூடிவிட்டு மற்றதைப் பார்த்தால் 7 சொச்சம். மீட்டர் எல்லை தாண்டி, அளவை மாற்றியதும் 250 கிலோ ஓமை (ஜே-யில் 125-ஐ) ஒட்டிக் காட்டினால் காயில் அறுந்திருக்கிறது. நீங்கள் பார்ப்பது வால்யூம் பாட்டை (குமிழின் அடியிலிருக்கும் பொட்டென்ஷியோமீட்டரை) மட்டும். பூஜ்யம் வந்தால் ஜாக்கிலோ கேபிளிலோ ஷார்ட். இந்த அளவெல்லாம் பேசிவ் பேஸுக்கு. பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸுக்குப் பொருந்தாது.

சிங்கிள் காயிலுக்கும் பி-க்கும் 250 கிலோ ஓம் பாட் வழக்கம். சென்னை ரிச்சி தெருவில் 220 கிடைத்தால் அதுவும் போதும். ஆனால் லாக் (லாகரிதமிக்) வகை என்று கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் லீனியர் கைக்கு வரும், சத்தம் குமிழின் ஒரு மூலையில் மட்டும் மாறும். டோன் கெபாசிட்டர் 0.047 மைக்ரோஃபாரட், மேலே 473 என்று அச்சடித்திருக்கும். 104 போட்டால் டோனை மூடும்போது இன்னும் இருண்டு போகும். பாட்டின் முதுகில் பற்றவைக்க 40 வாட் சால்டரிங் இரும்பு வேண்டும். 25 வாட்டில் ஈயம் ஒட்டாமல் உருண்டு நிற்கும்.

ஹம் வரும்போது ஸ்ட்ரிங்கைத் தொடுங்கள். குறைந்தால் பிரிட்ஜ் கிரவுண்ட் சரி, உடலில் வயரிங் இருக்கும் குழிக்குள் செம்புப் படல டேப் ஒட்டினால் பலன் இருக்கும். மாற்றமே இல்லையென்றால் பிரிட்ஜுக்குப் போகும் வயர் விட்டிருக்கிறது. மைக்கில் உதடு படும்போது சுருக்கென்றால் அது வேறு: எர்த் கோளாறு. வாசிப்பதை நிறுத்தி மேடைப் பிளக்கைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஹம்மைக் குறைக்க மூன்று பின் பிளக்கின் எர்த் காலை உடைப்பது உயிருக்கு உலை.

மரத்துக்கு வருவோம்

பேஸைத் தேர்ந்தெடுக்கும்போது ஆம்ப்பில் சொருகாமல் ஜி ஸ்ட்ரிங்கில் 5 முதல் 9 வரை ஒவ்வொரு ஃபிரெட்டாக அடித்து, எது சீக்கிரம் சாகிறது என்று கவனியுங்கள். நெக்கின் சொந்த அதிர்வு அந்த நாதத்தைத் தின்றுவிடுகிறது. பிக்கப் மாற்றினாலும் தீராது. நெக்கின் நுனியிலுள்ள ஹெட்ஸ்டாக்கில் துணி சுற்றி ஒரு சி-கிளாம்ப் மாட்டினால் அந்த இடம் வேறு ஃபிரெட்டுக்கு நகரும். மரம் காதுக்குத் தெளிவாகத் தெரியும் இடம் இதுதான், அதுவும் உடலைவிட நெக்கில்.

உடல் மரத்தை எடையை வைத்துத் தேர்ந்தெடுங்கள். பழைய வீட்டுக் கதவுத் தேக்கில் உடல் செய்ய ஆசை வரும், சென்னையில் வால்டாக்ஸ் ரோடு மரக்கடைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. 44 மி.மீ. தடிப்பில் தேக்கு உடல் மட்டுமே 3 கிலோவை நெருங்கும். இரண்டு மணி நேரக் கச்சேரியில் தோள் சொல்லும். இரண்டு துண்டை ஒட்டுவதானால் ஒட்டும் முகத்தை முதலில் அசிட்டோனால் துடையுங்கள். தேக்கின் எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. ஃபிங்கர்போர்டைப் பொறுத்தவரை, ஃபெண்டரின் மலிவு பிராண்டான ஸ்கொயரின் பல மாடல்களில் 'இந்தியன் லாரல்' என்று எழுதியிருப்பது நம்மூர்க் கருமருதுதான். ரோஸ்வுட் இல்லையே என்று கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

காசிமேடு, ராயபுரம் போலக் கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு உப்புக்காற்று வால்யூம், டோன் பாட்களைக் கரகரக்க வைக்கும்: கான்டாக்ட் கிளீனரைப் பாட்டின் இடுக்கில் இரண்டு சொட்டு அடித்து, குமிழை இருபது முறை முன்னும் பின்னும் சுழற்றுங்கள். வாசித்த பிறகு காய்ந்த துணியால் ஸ்ட்ரிங்கையும் பிக்கப் முனைகளையும் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட பையில் வையுங்கள். துருப்பிடித்த திருகைப் பிறகு உயரத்துக்காகத் திருப்பவே முடியாது.