தாத்தா எந்தக் கப்பலில் மலாயா சென்றார்: கண்டறியும் வழி

கடல் கடந்து மலாயா சென்ற முன்னோரைப் பற்றிப் பேசும்போது, பெரும்பாலான குடும்பங்களில் 'ரஜூலா' என்ற பெயர்தான் முதலில் வரும். ஏறத்தாழ அரை நூற்றாண்டாகக் கண்ணில் பட்ட கப்பல் என்பதால், வேறு கப்பலில் சென்றவர்களின் நினைவிலும் அப்பெயரே ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. எனவே கப்பலின் பெயரிலிருந்து தேடத் தொடங்காமல், பயணம் நிகழ்ந்த ஆண்டை முதலில் உறுதிசெய்வதே நல்லது.

பழைய கடவுச்சீட்டில் உள்ள குடிநுழைவு முத்திரை, ஊருக்கு எழுதிய முதல் கடிதத்தின் அஞ்சல் முத்திரை, தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த பதிவு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று கிடைத்தால் போதும். எதுவும் இல்லையெனில், அங்கே பிறந்த மூத்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைக் கொண்டு பயணம் எந்த ஆண்டுக்கு முன் நடந்திருக்க வேண்டும் என்றாவது வரையறுக்கலாம்.

ஆண்டு தெரிந்தபின் அதைக் கப்பல்களின் காலத்தோடு ஒப்பிட வேண்டும். பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்துக்காக 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா, சென்னையிலிருந்து புறப்பட்டு நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) வழியாகச் சிங்கப்பூர் சென்றது. அதன் இணைக்கப்பலான ரோனாவும் அதே ஆண்டில் இத்தடத்துக்கெனக் கட்டப்பட்டதே. போரின்போது படைவீரர்களை ஏற்றிச்சென்ற அக்கப்பல், 1943 நவம்பர் 26 அன்று மத்தியதரைக் கடலில் ஜெர்மானியர் ஏவிய வழிகாட்டுக் குண்டால் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆகவே போருக்குமுன் சென்றவரின் கப்பல் ரோனாவாகவும் இருந்திருக்கலாம் என்பதை மறந்துவிடக் கூடாது. 1942 முதல் 1945 வரை மலாயா ஜப்பானியரின் பிடியில் இருந்ததால், அவ்வாண்டுகளில் வழக்கமான பயணம் நடந்ததாகச் சொல்லப்பட்டால் ஆண்டை மீண்டும் சரிபார்க்க வேண்டும். 1973-இல் ரஜூலா இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டது. பிரான்சில் 'பாஸ்தர்' என்ற பெயரில் ஓடிய கப்பலை வாங்கி 'சிதம்பரம்' எனப் பெயரிட்டு அத்தடத்தில் விட்டதும் அக்கழகமே. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பயணிகள் பலர் உயிரிழந்த பின் சிதம்பரத்தின் சேவை நின்றுபோனது.

தொழிலாளராகச் சென்றவரா, சொந்தச் செலவில் சென்ற வணிகரா, உறவினரா என்பதையும் பிரித்தறிய வேண்டும். தோட்டங்களுக்கு ஆள்சேர்த்த கங்காணி மூலம் சென்றவர்கள் ஆவடி, நாகப்பட்டினம் ஆகிய இடங்களில் இருந்த குடியேற்ற முகாம்களில் தங்கவைக்கப்பட்டுப் பின்னர் கப்பலேற்றப்பட்டார்கள். தொழிலாளர்களை உதவித்தொகையுடன் அனுப்புவதை 1938-இல் இந்திய அரசு தடைசெய்துவிட்டதால், அதற்குப் பின் சென்றவரை முகாம் பதிவுகளில் தேடுவது வீண்வேலை. பிரிட்டனில் காக்கப்படும் பயணிப் பட்டியல்களும் பயன்படமாட்டா. அவை பிரிட்டிஷ் துறைமுகங்களுக்கு வந்துபோன கப்பல்களுக்கு உரியவை. பாயும் ட்ரங்குப் பெட்டியுமாக மேல்தளத்தில் படுத்துச் சென்ற ஆயிரக்கணக்கான மக்களின் பெயர்கள் அவற்றில் இடம்பெறவில்லை என்பது மனத்தை வருத்தும் உண்மை.

கைகொடுக்கக்கூடியவை நாளிதழ்களே. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணையச் சேகரிப்பில் பழைய ஆங்கில நாளிதழ்களோடு தமிழ் முரசும் உள்ளது. கப்பல் வருகை, புறப்பாட்டு விளம்பரங்களில் கப்பலின் பெயரை ஆங்கில எழுத்தில் இட்டு, தெரிந்த மாதத்துக்குள் தேடுங்கள். நாகப்பட்டினம் அன்று 'நெகபட்டாம்' என்றும், கிள்ளான் துறைமுகம் 1972 வரை 'போர்ட் சுவெட்டன்ஹாம்' என்றும் அச்சிடப்பட்டதால், இன்றைய பெயர்களை மட்டும் இட்டால் பல செய்திகள் தப்பிவிடும்.

பெரியவர் ஒருவர் இன்னும் இருக்கிறார் என்றால், கப்பலின் பெயரைக் கேட்பதைவிட எங்கே ஏறினார் என்று கேளுங்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை ஒட்டி நிற்க இயலாததால் படகில் சென்றுதான் ஏற வேண்டும். அந்தப் படகை அவர் நினைவுகூர்ந்தால் ஏறிய ஊர் ஓரளவு உறுதியாகும். பழைய புகைப்படத்தில் கப்பலின் புகைபோக்கி கறுப்பாகவும் அதில் இரண்டு வெள்ளைப் பட்டைகளுடனும் தெரிந்தால், அது பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் கப்பல் என்று குறித்துக்கொள்ளலாம். எந்தக் கப்பல் என்பதற்கு மட்டும் ஆண்டும் நாளிதழும் சேர்ந்தே சான்று தர வேண்டும்.